ஆண் பூச்சியை யாரும் பார்ப்பதில்லை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் ஓசூர்ப் பக்கம் பட்டுப்புழு முட்டை தயாரிக்கும் நிலையம் ஒன்றில் எனக்கு ஒற்றைக் கண் உத்தியோகம். முட்டையிட்டு முடித்த தாய்ப் பூச்சியைக் கல்வத்தில் அரைத்து, ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். பளபளவென்று அரிசிமணிபோலக் கிருமி தெரிந்தால், அவள் இட்ட முட்டை அத்தனையும் நெருப்புக்கு. நாள் முழுக்க இடது கண்ணை மூடிப் பழகியதில், தெருவில் போகும்போதும் அது தானாக மூடிக்கொள்ளும். சந்தையில் ஒரு கீரைக்காரம்மா இதற்காக என்னை விளக்குமாற்றால் விசாரித்திருக்கிறாள்.

வீட்டில் சிரிப்பு இல்லை. கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் குழந்தை இல்லை. மனைவி நாட்றாம்பாளையத்துக்காரி, மலை ஏறி இறங்கி வளர்ந்த கால்கள், கோயில் கோயிலாக நடந்து வெடித்துக் கிடந்தன. அம்மா தொரப்பள்ளிப் பக்கம் எனக்கு இன்னொரு பெண் பார்த்துவிட்டாள். ஒருத்தி இருக்க இன்னொருத்தியைக் கட்டக்கூடாதென்று சட்டம் வந்துவிட்டதே என்றேன். அம்மாவைப் பொறுத்தவரை அந்தச் சட்டம் இன்னும் கிருஷ்ணகிரியைத் தாண்டி வரவில்லை.

"வர்ற புதன்கிழமை பூ வெச்சிட்டு வந்துடலாம்" என்றாள்.

"அந்தப் பொண்ணுக்கு நானே தலை வாரி விடறேன் அத்தை" என்றாள் மனைவி. நான் ஏதோ வேடிக்கையாகச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் மாட்டுப்பண்ணை ஆள் ஒருவர், தங்கள் மைக்ராஸ்கோப்பின் லென்ஸ் கீறிவிட்டதென்று, பொலிகாளை பசவனின் விந்தைக் குப்பியில் எடுத்து, சூடு ஆறாமல் மடியில் வைத்துக்கொண்டு எங்களிடம் ஓடிவந்தார். பசுவுக்கு ஊசி போட்டுச் சினைப்படுத்தும் வித்தை அப்போது புதிது. பார்த்தவர், நீயும் பார் என்று கன்னடம் கலந்து என்னையும் இழுத்தார். "நோடு சாமி, நம்ம பசவன் பவுசை!"

குனிந்தேன். ஆடி மாத மேகம்போலக் கூட்டம் கூட்டமாகச் சுழன்றது. எங்கள் மேலதிகாரி பின்னாலிருந்து கதையைத் தொடங்கிவிட்டார். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஹாலந்தில் ஒரு துணி வியாபாரி கடுகளவு லென்ஸைத் தேய்த்துச் செய்து மழைத் தண்ணீரைப் பார்த்தாராம், பல் அழுக்கைப் பார்த்தாராம், கடைசியில் தன் விந்தையே பார்த்தாராம். அப்படி வளர்ந்த வித்தைதான் பிரான்சில் பட்டுப்பூச்சியின் நோயைக் காட்டிக்கொடுத்ததாம். "அதனாலதான்யா உனக்குச் சோறு" என்று முடித்தார்.

என் மனசு துணி வியாபாரியோடு நின்றுவிட்டது. நிலையத்தில் நாங்கள் ஆண் பூச்சியைப் பார்ப்பதே இல்லை. நோய் தாய் வழியாகத்தான் முட்டைக்குப் போகும் என்பதால், ஜோடி சேர்ந்து முடிந்த ஆணைக் கோழிக்கு வீசிவிடுவோம். பூச்சிக்கு அது சரி. என் வீட்டிலும் அதே சட்டத்தை வைத்துக்கொண்டிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத நிலையத்தில், துணி வியாபாரிபோல என்னுடையதையே பார்க்கும் முறை வந்தது. ஜன்னல் வெயிலைக் கண்ணாடியில் பிடித்துக் குனிந்தேன். வெறும் தண்ணீர். லென்ஸைத் துடைத்தேன். தகட்டை மாற்றினேன். இடது கண்ணாவது இரக்கம் காட்டுமென்று கண்ணையும் மாற்றினேன். அசைய அங்கே ஒன்றும் இல்லை. காளை பாஸ், நான் ஃபெயில் என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். சொன்ன வாய் கோணிக்கொண்டது.

மறுநாள் கிருஷ்ணகிரி டாக்டரும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொன்னேன்.

"கொறை எங்கிட்டதாம்மா. கண்ணாடில பாத்துட்டேன்."

"பூச்சி பாக்கற கண்ணாடில மனுசனைப் பாத்தா வேற என்னடா தெரியும்?"

டாக்டர் சொன்னதையும் சொன்னேன். முறத்திலிருந்த ராகியை ஒரு தடவை புடைத்துக் கீழே வைத்தாள். பிறகு, "ஜாதகம் சேரலன்னு சொல்லி அனுப்பிடறேன். இதை நீ வெளிய சொல்லித் தொலைக்காத" என்றாள்.

மனைவி அடுப்படியில் இருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். சந்தோஷப்படுவாள் என்று நினைத்துப் போனேன். என் புத்தி அவ்வளவுதான். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"இனிமே வீட்ல யாரும் உன்னைக் குத்தம் சொல்ல முடியாதில்ல?" என்றேன்.

"சொல்லட்டுமே, யாரு வேணாம்னா?" முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "கோயிலுக்குப் போறப்பெல்லாம் இந்தத் தடவை, இந்தத் தடவைன்னு ஒரு நெனப்பு இருந்துச்சுங்க. இனி எந்த நெனப்புல போவேன்?"

உலையில் மாவு கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கையிலிருந்த துடுப்பை வாங்கி நான் களி கிண்டினேன். கட்டி கட்டியாகப் போயிற்று. மூன்று பேரும் அதைத் தின்றோம்.