நாற்பத்தொரு வேலைகளுக்கு நன்றி

தகவல் அக்காவுக்குக் கோபம் வந்தால் அன்றைக்கே கொட்டித் தீர்த்துவிடுவாள். மறுநாள் அதே ஆளுக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சிரித்துப் பேசுவாள். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு மனுஷன் மேல் பதினான்கு மாதம் வஞ்சம் வைத்திருந்தாள். அதுவும் தினமும் அவருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே.

நகராட்சி அலுவலகத்து மாடியில், பிறப்பு இறப்புப் பதிவு அறைக்கும் கழிவறைக்கும் நடுவில் ஜன்னலே இல்லாத ஓர் அறை. அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், கால் ஆடுகிற ஒரு மேஜை. இருபத்தொரு வருஷமாக அவள் அங்கே உட்கார்ந்துதான் நகராட்சியின் வாரத்தாளைத் தயாரித்தாள். எந்தத் தெருவில் எந்த நாள் தண்ணீர் வராது, கொசு மருந்து அடிக்கிற வண்டி எப்போது வரும், குழந்தைகளுக்குத் தடுப்பூசி எங்கே, எந்தச் சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், எதை மூடிவிட்டார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். வெள்ளிக்கிழமை காலையில் வீட்டுக்கு வீடு போய்விடும். அதைப் பார்த்துத்தான் பாதி ஊர் துணி துவைக்கிற நாளையே முடிவு செய்யும். அதனால் ஊருக்கே அவள் 'தகவல் அக்கா'. கடைத்தெருவில் அவளைப் பார்த்தால், "அக்கா, புதன்கிழமை தண்ணி நிச்சயமா வருமா?" என்று வழிமறித்துக் கேட்பார்கள். "தாள்ல போட்டிருக்கேன்ல, வரும்" என்பாள். அந்தப் பதிலில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அவள் வஞ்சம் வைத்த ஆள், நகராட்சியின் தலைமை எஞ்சினியர். முதுகுக்குப் பின்னால் எல்லாரும் அவரை 'முடிஞ்சாச்சு' என்றுதான் சொல்வார்கள். எந்தத் தெரு, என்ன வேலை என்று கேட்டு வாய் மூடுவதற்குள், "அதெல்லாம் முடிஞ்சாச்சும்மா" என்று பதில் வந்துவிடும். கோப்பிலும் அப்படியே எழுதுவார். தெருவில் மட்டும் அது அப்படி இருக்காது.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், தாள் அச்சுக்குப் போகிற நேரத்தில், அவர் போன் செய்தார். "பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி சந்துல பாதாள சாக்கடைக் குழி இருந்துச்சுல்ல, அதை மூடியாச்சு. சந்தைத் திறந்தாச்சுன்னு போட்டுக்கோங்க."

"எழுதிக் கொடுத்துடுங்க சார்."

"நேரமில்லம்மா, மீட்டிங்ல இருக்கேன். நான்தானே சொல்றேன், போடுங்க."

அவள் போட்டாள்.

அவளுடைய தம்பி பள்ளிக்கூட வேன் ஓட்டுபவன். அவளும் தம்பியும் ஒரே வீடு. கீழே இவள் தனியாக, மாடியில் அவனும் அவன் பெண்டாட்டியும். அப்பா அம்மா போனபின் இவள்தான் அவனைப் படிக்கவைத்து, கல்யாணமும் செய்து வைத்தாள். மூன்று மாதமாக அந்தச் சந்தைச் சுற்றிக்கொண்டு வேன் நிற்கிற இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தவன், சனிக்கிழமை விடியற்காலையில் நேர்வழியாகவே நடந்தான். முந்தின நாள் மழை. சந்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். குழியின் மேல் மூடி இல்லை.

இடுப்பெலும்பு உடைந்தது. இரண்டு ஆபரேஷன். அதற்குப்பின் இடது காலால் கிளட்சை அழுத்த முடியவில்லை, வேன் கையை விட்டுப் போனது.

விசாரணை என்று ஒன்று வைத்தார்கள். ஆணையர் எதிரில் எஞ்சினியர் கண்ணிமைக்காமல் சொன்னார்: "இன்னும் மூடலைன்னுதான் சார் நான் போன்ல சொன்னேன். இந்தம்மா அவசரத்துல மாத்தி அடிச்சுட்டாங்க. டைப்பிங் மிஸ்டேக்." எழுதிக் கொடுத்த காகிதம் எதுவும் இல்லை. அவள் எவ்வளவு சொல்லியும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில் அவளையே ஒரு மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போட வைத்தார்கள். 'தட்டச்சுப் பிழைக்கு வருந்துகிறோம்' என்ற வரியை அடுத்த வாரத் தாளில் அவள் கையாலேயே அடித்தாள். சொந்தத் தம்பியின் இடுப்பை உடைத்தவள் என்று ஊருக்கே அவளே எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிற்று.

எஞ்சினியர் அதோடு விடவில்லை. இனிமேல் தன் துறையின் செய்தி ஒவ்வொன்றையும், வரிக்கு வரி, தான் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் அச்சுக்குப் போக வேண்டும் என்று உத்தரவு வாங்கினார். "இந்தம்மாவை நம்ப முடியாது பாருங்க" என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தாளை நீட்டினாள்.

தம்பி ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினான். "உன் தாளைப் பாத்துட்டுத்தான்க்கா அந்தப் பக்கம் போனேன்." அதற்குப்பின் பேச்சு குறைந்தது. வீட்டுக்கு வந்ததும் மாடியை விட்டு இறங்குவதையே விட்டான். தம்பி பெண்டாட்டி மட்டும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வரும்போது, "அவர் நல்லாத்தான் இருக்கார் அண்ணி" என்று தரையைப் பார்த்தபடி சொல்வாள்.

புகார் கொடுக்கலாமே என்று கேட்டால், அந்த அலுவலகத்தில் இருபத்தொரு வருஷம் குப்பை கொட்டியவளுக்குத் தெரியாதா? சாலையைப் பற்றிய புகார் கடைசியில் எஞ்சினியர் மேஜைக்குத்தான் போகும். அவர் 'முடிஞ்சாச்சு' என்று எழுதுவார். அதோடு அந்தப் புகார் செத்தது.

அவள் நடக்க ஆரம்பித்தாள். "சர்க்கரை எட்டிப் பாக்குது, டாக்டர் நடக்கச் சொன்னார்" என்று அலுவலகத்தில் சொன்னாள். சர்க்கரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. தினம் சாயங்காலம் இரண்டு தெரு. எஞ்சினியர் முடிந்ததாகக் கையெழுத்துப் போட்ட ஒவ்வொரு வேலையையும் நேரில் போய்ப் பார்த்தாள். மாற்றியதாகச் சொன்ன குழாயில் பழுப்புத் தண்ணீர் வந்தது. புதுத் தெருவிளக்கு என்று போட்ட இடத்தில் கம்பம் மட்டும் நின்றது. பூங்காவின் கழிவறைக்குக் கதவு இருந்தது, உள்ளே எதுவும் இல்லை. வீடு திரும்பி ஒரு பழைய நோட்டில் எழுதுவாள். ஒரு வருஷம் போனபோது நாற்பத்தொரு பொய்கள் சேர்ந்திருந்தன. அந்த நோட்டைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

எஞ்சினியர் ஓய்வு பெறுகிற மாதம் வந்தது. அவரே மாடியேறி அவள் அறைக்கு வந்தார். பழசெல்லாம் மறந்துபோன மாதிரி முகத்தில் ஒரு குழைவு.

"இந்த வாரம் என்னைப் பத்தி ஒரு நாலு வரி நல்லதா போட்டுடுங்கம்மா. முப்பது வருஷம் உழைச்சிருக்கேன்."

"நாலு வரி என்ன சார் நாலு வரி? ஒரு பக்கமே போடலாம். போன ரெண்டு வருஷத்துல நீங்க முடிச்ச வேலையை எல்லாம் தெருவாரியா போட்டா எப்படி இருக்கும்!"

அவர் குளிர்ந்துபோனார்.

புதன்கிழமை பக்கம் தயார். தலைப்பில் அவருடைய போட்டோ, கீழே நாற்பத்தொரு வேலைகள், ஒவ்வொன்றுக்கும் எதிரே தெருப் பெயரும் தேதியும். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். நாமா இவ்வளவு செய்திருக்கிறோம் என்று வியக்கிற மாதிரி தலையை ஆட்டி ஆட்டி, வரிக்கு வரி கையெழுத்துப் போட்டார். கடைசி வரியில் மட்டும் பேனா நின்றது. 'பொதுமக்கள் தங்கள் தெருவின் வேலையை ஒருமுறை பார்வையிட்டு, திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அலுவலக முற்றத்துக்கு வந்து பாராட்டுமாறு அழைக்கிறோம்.'

"பார்வையிட்டுன்னு எதுக்கு?"

"பாத்துட்டு வந்தாத்தானே சார் மனசாரப் பாராட்டுவாங்க?"

அவர் சிரித்துக்கொண்டே அதற்கும் கையெழுத்துப் போட்டார். அவர் படியிறங்கிப் போகும்வரை அவள் தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, வாயைப் பொத்திச் சிரித்தாள்.

திங்கட்கிழமை முற்றத்தில் நூறு நாற்காலி போட்டிருந்தார்கள். முந்நூறு பேருக்கு மேல் வந்தார்கள். மேடையில் ஆணையர், பக்கத்தில் பூங்கொத்தோடு எஞ்சினியர். ஆணையர் பேச எழுந்ததுமே முன்வரிசையில் இருந்த தையல்கார அம்மா ஒரு பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே டீ மாதிரி தண்ணீர்.

"பதினேழாவது வேலை எங்க தெரு சார். புதுக் குழாயாம். ஐயா ஒரு வாய் குடிச்சுக் காட்டட்டும், பாராட்டிட்டுப் போறோம்."

கூட்டம் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது. ஒரு மளிகைக்காரர், தன் கடை வாசலில் கையால் தட்டியதும் உடைந்த நடைபாதைக் கல்லைத் தள்ளுவண்டியிலேயே கொண்டுவந்திருந்தார். பள்ளித் தலைமையாசிரியை எழுந்து, பட்டியலில் மூடியாச்சு என்று இருந்த சந்தின் குழி இன்றைக்கும் ஒரு மரப்பலகையால்தான் மூடியிருக்கிறது என்று நிதானமாகச் சொன்னார். வரிசை எண்ணைச் சொல்லிச் சொல்லி ஆட்கள் எழுந்தார்கள். எஞ்சினியர் முகத்தில் ஈயாடவில்லை. பூங்கொத்தைக் கீழே வைத்துவிட்டு ஆணையர் பக்கம் திரும்பினார்.

"சார், நான் இப்படியெல்லாம் சொல்லவே இல்ல. இந்தம்மா ஏற்கனவே ஒரு தடவை மாத்தி அடிச்சவங்க..."

தகவல் அக்கா மேடையில் ஏறினாள். புதன்கிழமை அவர் கையெழுத்துப் போட்ட பக்கத்தை ஆணையர் எதிரில் விரித்துவைத்தாள்.

"வரிக்கு வரி சாரோட கையெழுத்து இருக்கு சார். என்னை நம்ப முடியாதுன்னு அவரே கொண்டுவந்த வழக்கம்."

ஓய்வுக்கு ஆறு நாள் இருக்கையில் அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். விசாரணை தொடங்கியது, இந்தத் தடவை காகிதத்தோடு.

அந்த வாரமே எஞ்சினியரின் மனைவி அவள் வீட்டுக்கு வந்தாள். நல்ல மனுஷி, எப்போதும் சிரித்த முகம். அன்றைக்கு அழுது வீங்கியிருந்தது. "அவசரத்துல சரியா படிக்கவிடாம கையெழுத்து வாங்கினதா நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அக்கா அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை பொறுத்தாள்.

"என் தம்பி ஆறு வாரம் அசையாம கிடந்தான். உங்க வீட்டுக்காரர் ஒரு தடவை எட்டிப் பாத்தாரா?"

வந்தவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"உங்க மேல எனக்கு எதுவும் இல்ல. போயிட்டு வாங்க" என்று எழுந்து கதவைத் திறந்துவிட்டாள். மனசு இளகும் என்று அவளே கொஞ்சம் பயந்திருந்தாள். இளகவில்லை.

அன்று சாயங்காலம் மாடிப்படியில் கைத்தடிச் சத்தம் கேட்டது. தம்பி ஒவ்வொரு படியாக இறங்கி வந்து சமையலறை வாசலில் நின்றான். அவள் அடுப்பை அணைத்தாள்.

"அந்த ஆள்தான் பொய் சொன்னான்னு இப்பவாவது நம்பறியா?" என்றாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. நீ மாத்தி அடிக்கிற ஆளா?"

"அப்புறம் எதுக்குடா பதினாலு மாசம் மூஞ்சியைக் காட்டாம இருந்தே?"

"நீ ஏன் அந்த மன்னிப்புல கையெழுத்துப் போட்டே? அதுதான் எனக்கு ஆறல."

"வேலை போயிடும்னு பயந்துட்டேன்டா. நீ ஆஸ்பத்திரில இருந்தே..."

அவன் நாற்காலியை இழுத்துப்போட்டு மெல்ல உட்கார்ந்தான். "சாப்பாடு என்ன?" என்று கேட்டான். அதை மன்னித்ததாக எடுத்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. தட்டை வைத்தாள்.

சந்தின் குழியை அடுத்த மாதம் நிஜமாகவே மூடினார்கள். அவள் நேரில் போய், அதன் மேல் ஏறி நின்று பார்த்துவிட்டுத்தான் தாளில் போட்டாள்.

பிறகொரு ஞாயிற்றுக்கிழமை காய்கறிச் சந்தையில் எஞ்சினியரைப் பார்த்தாள். சட்டை கசங்கி, ஆளே பாதியாகியிருந்தார். அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தக்காளியைப் பொறுக்குகிற மாதிரி குனிந்தார். வேறு யாராவது என்றால் அவள் ஒதுங்கிப் போயிருப்பாள். அன்றைக்கு நேராக அவர் எதிரில் போய் நின்றாள். அவர் நிமிர்ந்து தன் கண்ணைப் பார்க்கும்வரை அந்த இடத்தை விட்டு நகரவில்லை.