பெரியம்மா இரண்டு தரம் கழுவிய தட்டுகள்

தெஹியோவிட்டப் பக்கம் எங்கள் றப்பர் தோட்டத்தில் தண்ணீருக்கு ஒரே ஊற்றுதான். முதலில் தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாத் தொட்டி நிறைய வேண்டும். அதில் மிஞ்சி வழிவதுதான் தொழிலாளர்கள் நாங்கள் குடியிருந்த லயத்துப் பீலிக் குழாய்க்கு வரும். அந்த வருடம் மழை ஏமாற்றியதில் பீலி நூலாக இளைத்துவிட்டது. அதனால்தான் துரை பாத்திரம் கழுவும் மெஷின் ஒன்றை வாங்கி வந்தார். குழாயைத் திறந்துவிட்டுக் கழுவுவதைவிட அதற்கு மிகக் குறைந்த தண்ணீர் போதுமாம். லயமே அந்தப் பெட்டியைக் கும்பிடாத குறை.

பங்களாக் குசினியில் பாத்திரம் கழுவியவர் என் பெரியம்மா. றப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், மேட்டில் சறுக்கி விழுந்து முழங்கால் கெட்ட பிறகு கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய வேலை அது. அது போனால் மறுபடியும் வாளியும் கத்தியுமாக மலை ஏற வேண்டியதுதான். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேரே அங்கே போய்விடுவேன். சில நாள் கேக் ஓரங்கள் கிடைக்கும்.

பெரியம்மா அந்த மெஷினோடு பழகிய விதம் வேடிக்கையாக இருந்தது. ஒவ்வொரு தட்டையும் சோப்புப் போட்டுத் தேய்த்து, குழாயில் அலசி, பளிச்சென்று ஆன பிறகே உள்ளே அடுக்குவார். கழுவினதை எதற்கு மறுபடி கழுவ வேண்டும் என்று கேட்டேன். எச்சிலைப் பெட்டிக்குள் பூட்டினால் வீட்டுக்கு ஆகாது என்றார். அவர் வீட்டு எச்சில் தட்டுகளோ விடியும்வரை சட்டியில் ஊறிக்கிடக்கும். அந்த வீட்டுக்கு மட்டும் எப்படி ஆகிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

மெஷின் வந்தும் தொட்டி முன்பைவிட வேகமாகக் காலியானது. பீலியில் குடங்களின் வரிசை நீண்டது. அதில் பெரியம்மாவின் குடமும் நின்றது. கடைசியில் துரைசாணி ஒருநாள் குசினிக்கே வந்துவிட்டார். கோபப்படவில்லை. ஒட்டியிருக்கும் சோற்றை வழித்துவிட்டு அப்படியே அடுக்கினால் போதும் என்று சிங்களத்தில் பொறுமையாகச் சொல்லி, தானே அடுக்கி, பொத்தானை அழுத்திவிட்டுப் போனார். பெரியம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தார். அது ஓயும்வரை எழுந்திருக்கவில்லை.

கதவைத் திறந்ததும் ஒரு கிளாஸை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. நல்லாப் பாத்துச் சொல்லு, அழுக்கு ஏதும் ஒட்டிக்கிட்டு இருக்கா?"

ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். "ஒண்ணுமே இல்ல பெரியம்மா. நீங்க கழுவுறத விட நல்லா இருக்கு."

"இன்னொருக்கா பாரு."

பார்த்தேன். அதே பதிலை இன்னும் உற்சாகமாகச் சொன்னேன். அவர் கிளாஸை வாங்கி அலுமாரியில் வைத்தார்.

அடுத்த மாதமே பெரியம்மாவை மறுபடி பால் வெட்ட அனுப்பிவிட்டார்கள். பீலியில் தண்ணீர் கொஞ்சம் தாராளமாக வந்தது. அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனாலும் நினைத்தால் இன்றும் எனக்கு மனசு ஆறுவதில்லை. அன்று அவர் என்னிடம் கேட்டது ஒரே ஒரு கறையைத்தான். அது தெரியாமல், கழுவுகிற வேலை மிச்சமான பெரியம்மா இனிமேல் நேரத்தோடு வீட்டுக்கு வந்துவிடுவார் என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு ஓடினேன்.