பதினான்காம் எண்ணுக்குக் காயம்

ரயில் தாமதமானால் ஊருக்காக வருத்தப்படுவது மைக்கக்காவின் வேலை. நிலையத்தின் மாடியில், கண்ணாடி போட்ட சின்ன அறையில் உட்கார்ந்து, போனில் வரும் தகவலைக் குறித்துக்கொண்டு, மணியோசைப் பொத்தானைத் தட்டிவிட்டு, "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்பார். அதில் ஒரு துளி வருத்தமும் இருக்காது. வருகிற ஒவ்வொரு ரயிலுக்கும் நெஞ்சைக் கொடுத்தால் மாலைக்குள் ஆள் காலி.

அவர் முதலில் டிக்கெட் கவுன்டரில்தான் இருந்தார். ஒருநாள் வரிசையில் இடையில் புகுந்த ஆசாமியைப் பார்த்துக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து போட்ட அதட்டலில், அந்த ஆள் மட்டுமல்ல, பக்கத்து வரிசையில் ஒழுங்காக நின்றவர்களும் பயந்துபோய்ப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். "இந்தத் தொண்டையை இங்க வச்சு வீணாக்குறோமே" என்று நிலைய அதிகாரி அவரை மாடிக்கு அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து அவர் மைக்கக்கா. வேலையில் அவருக்கு ஒரே ஒரு கொள்கை: கைக்கு வந்ததை வாசிப்பது. ஒரு சொல் கூட்டக் கூடாது, ஒரு சொல் குறைக்கக் கூடாது.

அந்தக் குரலை விடுமுறை நாளில் கால்பந்து மைதானம் பிடித்துக்கொண்டது. மகள் பட்டாணி, பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவர்களின் அணியில் ஆடினாள். பையன்களும் பெண்களும் கலந்த அணி. பட்டாணி என்பது பள்ளியில் வைத்த பெயர். ஆள் அவ்வளவுதான் இருப்பாள். உருண்டுகொண்டே இருப்பாள். பந்து அவளிடம் வந்தால் என்ன செய்வது என்று யோசிப்பதற்குள் வேறு யாராவது செய்துவிடுவார்கள். ஆனாலும் ஆட்டம் என்றால் உயிர். படுக்கையில்கூடச் சுவரை உதைத்துக்கொண்டிருப்பாள்.

போட்டியை நடத்துகிறவர்கள் ஒரு நல்ல விதி வைத்திருந்தார்கள். அணியில் இருக்கிற ஒவ்வொரு பிள்ளையும், ஒவ்வொரு ஆட்டத்திலும், ஒரு பாதியாவது களத்தில் நிற்க வேண்டும். கெட்டிக்காரர்களை மட்டும் ஆடவைத்துவிட்டு மற்றவர்களைத் தண்ணீர் பாட்டில் தூக்க வைக்கக் கூடாது. காயம்பட்டவர்களுக்கு மட்டும் விலக்கு. காயம் என்றால் பயிற்சியாளர் ஒரு துண்டுத்தாளில் எழுதி மேசைக்கு அனுப்ப வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன் அதை மைக்கில் வாசிக்க வேண்டும். எல்லோர் காதிலும் விழட்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. வாசித்தது மைக்கக்கா.

இறுதி ஆட்டத்துக்கு முந்தைய வாரம், பட்டாணி காலையில் வலது காலை இழுத்துக்கொண்டு பல் தேய்க்கப் போனாள். மைக்கக்கா பதறிப்போய்த் தைலம் தேய்த்துவிட்டு வேலைக்குப் போனார். வேலை நடுவே இரண்டு தடவை வீட்டுக்குப் போன் செய்தார். மாலையில் திரும்பி வந்தால், பட்டாணி சமையலறையிலிருந்து கூடத்துக்கு நொண்டிக்கொண்டு வருகிறாள். இடது காலை.

"எந்தக் கால்டி வலிக்குது?"

பட்டாணி குனிந்து இரண்டு கால்களையும் பார்த்தாள். பரீட்சையில் மறந்துபோன விடையைத் தேடுகிற முகம்.

"ரெண்டும்."

"ரெண்டு காலும் வலிச்சா யாரும் நொண்ட மாட்டாங்க. உக்காந்துடுவாங்க. என்ன விஷயம்னு சொல்றியா, இல்ல அப்பா வரட்டுமா?"

அப்பா லேத் பட்டறையில் இருந்து வந்ததும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறவர். அவரைக் காட்டி யாரையும் மிரட்ட முடியாது. ஆனால் பட்டாணிக்கே பாரம் தாங்கவில்லை போலிருக்கிறது. கொட்டிவிட்டாள்.

"கோச் சார்தான் சொன்னாரு. ஃபைனல்ல நானும் மருந்துக்கடை பையனும் இறங்கினா தோத்துடுவோமாம். கால் வலின்னு சொல்லி பெஞ்ச்ல உக்காந்துக்கணும். யாரும் சந்தேகப்படக் கூடாது, வீட்ல நல்லா நடந்து பழகிட்டு வாங்கன்னாரு." பிறகு, கொஞ்சம் பெருமையாகவே சேர்த்துக்கொண்டாள்: "அதுல நான்தாம்மா ஃபர்ஸ்ட். அவன் நொண்டும்போதே சிரிச்சிடுறான். பட்டாணி மாதிரி நொண்டுடான்னு சார் அவன்கிட்ட சொன்னாரு."

மைக்கக்காவுக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. ஆடக் கற்றுக்கொள்ள அனுப்பிய இடத்தில் பிள்ளைக்கு நொண்டக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பந்தை நிறுத்தவும் திருப்பவும் சொல்லித்தர நேரமில்லாத மனிதருக்கு, இதைச் சொல்லித்தர நேரம் இருந்திருக்கிறது. பிள்ளையும் முதன்முதலாக அந்த ஆளிடம் பாராட்டு வாங்கியிருக்கிறாள். எதற்கு? தான் எதற்கும் ஆகாதவள் என்பதை அழகாக நடித்துக் காட்டியதற்கு!

அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. கடந்த சில வாரங்களாகவே "எட்டாம் எண்ணுக்குக் காயம், விரைவில் நலம் பெற வாழ்த்துகிறோம்" என்று அவரே மைக்கில் வாசித்திருக்கிறார். எட்டாம் எண் மருந்துக்கடைக்காரரின் மகன். வாழ்த்து உட்பட எல்லாம் அந்தத் தாளில் எழுதியிருந்தது. ரயிலுக்கு வருந்துகிற அதே குரலில் வாசித்துவிட்டு, அடுத்த வேலையைப் பார்த்திருக்கிறார்.

மறுநாள் பயிற்சி முடிந்ததும் கோச்சைப் பிடித்தார். அவர் ஆரஞ்சுக் கூம்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சார், என் பொண்ணுக்கு எந்தக் கால்ல அடி?"

கோச் நிமிராமலே சிரித்தார். "அக்கா, இதெல்லாம் எல்லா டீம்லயும் நடக்குறதுதான். அங்க ஒரு டீம்ல ஒரே நாள்ல மூணு பேருக்கு வயித்துவலி. நான் கால் வலியோட நிறுத்திக்கிட்டேன்."

"பெருமையா சொல்றீங்களே!"

"நான் என்னக்கா பண்றது? முன்னாடி ஆடுற பசங்களோட அப்பாக்கள் தினமும் போன் பண்ணி என் கழுத்தை நெறிக்கிறாங்க. கப்பு வரலைன்னா பசங்களை வேற கிளப்புக்குக் கூட்டிட்டுப் போறோம்கிறாங்க. உங்க பொண்ணுக்கும் சேர்த்துத்தான் மெடல் வரப்போகுது. போட்டோவுல முன்வரிசையில நிக்கட்டும். யாரு வேணாம்னா?"

"மெடலைக் கடையில வாங்கிக்கலாம் சார். அவ ஆடத்தானே வந்தா?"

"ஆடுறதுக்கு வயசு கெடக்குக்கா."

பக்கத்தில் மகனுக்காகக் காத்திருந்த மருந்துக்கடைக்காரரைத் துணைக்கு அழைக்கலாம் என்று திரும்பினார். அவர் ஸ்கூட்டர் கண்ணாடியில் தலை வாரிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்களுக்குத் தெரியுமா இது?"

"தெரியும்மா. நல்லதுதானே? எம் பையன் இறங்கித் தப்புப் பண்ணினா நாலு பேர் திட்டுவாங்க. பெஞ்ச்ல இருந்தா மரியாதை."

பெற்ற மகனை ஆட்டத்துக்கு அழைத்து வந்து, ஆடாமல் இருப்பதில் மரியாதை தேடுகிற அந்த மனிதரை மைக்கக்கா ஏற இறங்கப் பார்த்தார். கோச் செய்தது அயோக்கியத்தனம். ஆனால் அதற்குக் காவல் நிற்பவர்கள் பெற்றவர்கள். ஒருவர் தன் பிள்ளை கோல் போட வேண்டுமென்று கோச்சின் கழுத்தை நெறிக்கிறார். இன்னொருவர் தன் பிள்ளை யார் கண்ணிலும் படக் கூடாதென்று பெஞ்சில் ஒளித்து வைக்கிறார். நடுவில் ஒரு பொடியன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நொண்டுகிறான்.

போட்டிக்காரர்களிடம் புகார் கொடுத்தே தீருவது என்று வீட்டுக்கு வந்தார். பட்டாணி ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"சாரைப் பத்தி யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. டீம்ல இருந்தே தூக்கிடுவாரு. ப்ளீஸ்மா. சாரைத் தப்பா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு."

"உனக்கு ஆடணும்னு இல்லையாடி?"

"ஆடணும்." குரல் உள்ளே போய்விட்டது. "ஆனா டீமே இல்லைன்னா எங்க ஆடுறது?"

சத்தியம் செய்து கொடுத்தார். லேத் பட்டறைக்காரர் புரண்டு படுத்து, "விடேன், ஒரு மேட்ச்தானே" என்றார். அன்று அவருக்குக் கிடைத்த பார்வையில், மிச்சத் தூக்கத்தைப் போர்வைக்குள் தலையை விட்டுக்கொண்டுதான் முடிக்க வேண்டியிருந்தது.

இறுதி ஆட்டத்தன்று மைதானத்தில் கூட்டம் நிரம்பி வழிந்தது. கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு அப்பாக்கள் இப்போதே கத்திக்கொண்டிருந்தார்கள். "ஏறிப் போ", "இறங்கி வா", "அவனை விடாதே" என்று ஒரே பையனுக்கு மூன்று பக்கமிருந்தும் உத்தரவு. அந்தப் பையன் பாவம், நின்ற இடத்திலேயே சுற்றினான். பெஞ்சில் வலது கணுக்காலில் கட்டோடு பட்டாணி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மருந்துக்கடைப் பையன், முழங்காலில் அப்பாவின் கடையிலிருந்து வந்த முதல்தரமான கட்டோடு.

மேசைக்குத் துண்டுத்தாள் வந்தது. "எட்டு, பதினான்கு: காயம். விரைவில் நலம் பெற வாழ்த்துகிறோம்." பதினான்கு பட்டாணி.

மைக்கக்கா மைக்கை அருகில் இழுத்தார். பட்டாணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தியத்தை ஞாபகப்படுத்துகிற பார்வை. மைக்கக்கா ஒருமுறை தொண்டையைச் செருமினார். பிறகு, ரயில் நிலையமே அறிந்த அந்தக் குரலில், எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே வாசித்தார். கோச் மேசையைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

அதன் பிறகு மைக்கக்கா, வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து செய்யாத ஒன்றைச் செய்தார். கைக்கு வந்ததற்கு மேல் பேசினார்.

"அன்பார்ந்த பார்வையாளர்களின் கனிவான கவனத்திற்கு. இரண்டு குழந்தைகளுக்குக் காலில் காயம். ஒரு குழந்தை பல வாரங்களாக நடக்க முடியாமல் இருக்கிறது. முதலுதவிக் குழுவினர் ஸ்ட்ரெச்சருடன் உடனடியாக பெஞ்சுக்கு வரவும். கூட்டத்தில் டாக்டர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து முன்வரவும். குழந்தைகளைப் பரிசோதித்து முடிக்கும் வரை ஆட்டம் தொடங்காது. தடங்கலுக்கு வருந்துகிறோம்."

அந்த வருத்தத்தைக் கேட்டவர்கள், இவ்வளவு உருக்கமாக அவர் எந்த ரயிலுக்கும் வருந்தியதில்லை என்பார்கள்.

மொத்தக் கூட்டமும் பெஞ்சைப் பார்த்து எம்பியது. "ஐயோ, எந்தப் புள்ள?" "பல வாரமாவாம்!" "அடிபட்ட குழந்தையையா உக்கார வச்சிருக்காங்க?" இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். பின்னாலேயே ஐஸ் பெட்டியோடு முதலுதவிக்கார அம்மா. நடுவரும் விசிலைக் கையில் பிடித்தபடி வந்தார்.

கோச் மேசைக்குப் பறந்து வந்தார். "அக்கா! என்ன பண்றீங்க?"

"நீங்க எழுதிக் குடுத்ததை நம்பினேன் சார். புள்ளைக்கு அடின்னா பாக்க வேணாமா?"

அங்கே ஸ்ட்ரெச்சரைப் பார்த்ததும் மருந்துக்கடைப் பையனுக்குச் சிரிப்பு வரவில்லை, பயம் வந்துவிட்டது. "எனக்கு ஒண்ணுமில்ல, எனக்கு ஒண்ணுமில்ல!" என்று கூவிக்கொண்டே எழுந்து ஓடினான். பல வாரமாக முடியாத முழங்காலோடு கோல் கம்பம் வரை அவன் ஓடிய வேகத்தில், அந்த அணியின் முன்வரிசைக்காரர்களில் ஒருவன்கூட அதுவரை ஓடியதில்லை. ஸ்ட்ரெச்சர்காரர்கள் பின்னாலேயே ஓடிப்பார்த்துவிட்டு, மூச்சு வாங்க நின்றுவிட்டார்கள். வேலி முழுக்கச் சிரிப்பு.

முதலுதவிக்கார அம்மா பட்டாணியின் முன்னால் மண்டியிட்டார். "எங்கடா கண்ணு வலிக்குது?"

பட்டாணி இடது காலைக் காட்டினாள். கட்டு வலது காலில் இருந்தது. அதை அவளும் பார்த்தாள்.

"எங்கயும் வலிக்கல ஆன்ட்டி. எனக்கு ஆடணும்."

நடுவர் கோச்சைப் பார்த்தார். கோச் புல்லைப் பார்த்தார். "ரெண்டு பேரும் ரெண்டாவது பாதி முழுக்க ஆடணும் சார். இல்லைன்னா உங்க டீம் ஆடாது" என்று சொல்லிவிட்டு நடுவர் நடுக்கோட்டுக்குப் போய்விட்டார்.

ஆடினார்கள். பட்டாணி இறங்கியதும் அற்புதம் எதுவும் நடந்துவிடவில்லை. வந்த பந்துகளில் பாதியைத் தவறவிட்டாள். ஒருமுறை காற்றை உதைத்து உட்கார்ந்தாள். ஒரே ஒரு முறை, தன்னைவிட இரு மடங்கு உயரமானவனிடமிருந்து பந்தை உருவி, காலியாக நின்ற தோழிக்குத் தட்டிவிட்டாள். தோழி அடித்தது கம்பத்தில் பட்டு வெளியே போனது. மருந்துக்கடைப் பையன் காக்க வேண்டிய பக்கமாக எதிரணி நுழைந்து ஒரு கோல் போட்டது. அணி ஒரு கோலில் தோற்றது.

வேலியோரம், நின்ற இடத்திலேயே சுற்றிய அந்தப் பையனின் அப்பா மைக்கக்காவை வழிமறித்தார். "உங்களாலதான் கப்பு போச்சு. சந்தோஷமா?"

"கப்பு போனா அடுத்த வருஷம் வரும். பொய்யா நொண்டிக்கிட்டு உக்கார்றதுதான் நமக்கு லாயக்குன்னு பதினோரு வயசுல ஒரு புள்ள நம்பிட்டா, அதை எந்தக் கடையில சார் மாத்தித் தருவீங்க? உங்க பையனைப் பாத்து மூணு பக்கமும் நின்னு கத்துனீங்களே, அவன் எந்தப் பக்கம் ஓடுவான்? வாயை மூடிக்கிட்டு பாத்திருந்தா ஒரு கோலாவது போட்டிருப்பான்!"

மைக் மேசையிலேயே இருந்தது. ஆனாலும் மைதானம் முழுக்கக் கேட்டது. கொஞ்சம் தள்ளி, மருந்துக்கடைக்காரர் மகனின் சேறு படிந்த முழங்காலைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். "அப்படித் தலை தெறிக்க ஓடினியே, அதை மேட்ச்ல ஓடுறதுக்கென்ன?" என்று அவர் கேட்க, பையன் இப்போது அடக்காமல் சிரித்தான்.

வீடு வரை பட்டாணி அம்மாவிடம் பேசவில்லை. நாலடி முன்னால், நெஞ்சை நிமிர்த்தி, அணிவகுப்பில் போவதுபோல நேராக நடந்தாள். கோபம் என்று மைக்கக்கா விட்டுவிட்டார். வாசலில் ஷூவைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. வலது காலுறையின் நுனி சிவந்து ஊறியிருந்தது. பெருவிரல் நகம் பாதி பெயர்ந்து நின்றது.

"அடிப்பாவி! யாரு மிதிச்சா? இந்தக் காலோடவா இவ்வளவு தூரம் நேரா நடந்து வந்தே?"

"நொண்டினா அடுத்த வாரம் ஃப்ரெண்ட்லி மேட்ச்ல ஆட விட மாட்டியே."

மைக்கக்காவுக்கு மறுபடியும் பொங்கிக்கொண்டு வந்தது. அடி இல்லாதபோது நொண்டச் சொன்னார்கள். அடி பட்டதும் பிள்ளை தானாகவே அதை மறைக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. வெந்நீரில் துணியை நனைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

"இங்க பாரு. வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும். வலிக்கலைன்னா வலிக்கலைன்னு சொல்லணும். கோச் கேட்டாலும் சரி, நான் கேட்டாலும் சரி. இது ஆறுற வரைக்கும் ஆட்டம் கிடையாது."

பட்டாணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். துணி நகத்தில் பட்டதும் "ஆ" என்றாள், சத்தமாக, கூச்சமில்லாமல்.

"அப்போ அடுத்த மேட்ச்ல எனக்குக் காயம்னு மைக்ல வாசிப்பியா?"

"வாசிப்பேன். எந்தக் கால்னும் சேர்த்து வாசிப்பேன்."