இடது பாதையில் வந்த வண்டி

எங்கள் வீட்டில் யாரும் பேயைப் பற்றிப் பேசியதில்லை. பேச்செடுத்தாலே அப்பா தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போய்விடுவார். நானும் அப்படியே வளர்ந்தவன். டெட்ராய்ட்டில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்த காலம் முழுவதும், பொய்க் காரணம் சொல்லி ஒரு நாள் விடுப்பு எடுத்ததில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். நடந்தது நடந்ததுதான். என் தங்கை ஐரீனாவின் இடது முழங்கைக்குள் இன்றும் இரண்டு ஆணிகள் இருக்கின்றன. கற்பனைக்கு எந்த மருத்துவரும் ஆணி அடிக்கமாட்டார்.

நாங்கள் ஜலெஸ்கி குடும்பம். போலந்திலிருந்து வந்த தாத்தா காலத்திலிருந்து இரும்பு வேலைதான். அறுபதுகளின் கடைசியில், பெரிய எஞ்சினை நடுத்தர வண்டிக்குள் திணித்து விற்கத் தொடங்கினார்களே, அந்த வண்டிகளில் ஒன்றை அப்பா வாங்கினார். பந்தயத்துக்கென்றே தொழிற்சாலை செய்த சில வண்டிகளில் அது ஒன்று. எஞ்சினைப் பிரித்துக் கட்டியது அப்பா. ஓட்டியது என் அண்ணன் லுட்விக். கதவில் வெள்ளை எழுத்தில் 'ஜலெஸ்கியும் மகன்களும்' என்று எழுதியிருந்தோம். கால் மைல் நேர்ப்பாதை. இரண்டு வண்டி. முதலில் கடப்பவன் வென்றவன். மூன்று கோடைக்காலம் அண்ணனை யாரும் முந்தவில்லை.

நான்காவது கோடையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் கடைசி கியருக்கு மாற்றியபோது கிளட்ச் வெடித்தது. உடைந்த இரும்பு தரைத்தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. வண்டிக்கு வெளியே ஒரு கீறல்கூட இல்லை. அண்ணன் இறந்துபோனான். அவனுக்கு இருபத்து நான்கு வயது.

அப்பா வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டகையில் வைத்துப் பூட்டினார். அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்களை உள்ளே விடவில்லை. வசந்தத்தில் கதவைத் திறந்தபோது வண்டி புதிதுபோல் நின்றது. தரைத்தகடு மாற்றி, புதுச் சாயம் அடித்திருந்தார். அதன் பிறகு அதை யாரும் ஓட்டவில்லை. அவர் போன பிறகு நான் காத்தேன். ஞாயிறு தோறும் ஸ்டார்ட் செய்வேன். துடைப்பேன். மூடுவேன். பிள்ளையின் ரத்தம் விழுந்த வண்டியை எங்கள் அப்பா அந்நியர் கைக்கு விடவில்லை என்பதுதான் எங்கள் வீட்டின் நிமிர்வு.

அந்த நிமிர்வின் மேல்தான் டுவேன் பிராகெட் கை வைத்தான்.

பக்கத்து மாநிலமான ஒஹையோவைச் சேர்ந்தவன். அவன் அப்பாவும் எங்களோடு பந்தயம் ஓட்டியவர். தேவாலயக் கூடத்தில் வெள்ளிக்கிழமை மீன் விருந்து. அத்தனை பேர் நடுவே என் மேசைக்கு வந்தான்.

"காஸ், உன் வண்டி நல்லா இருக்குப்பா. நகலுக்கு இவ்வளவு அழகு ஆகாது."

"என்ன சொன்னே?"

"கதவு உங்களோடது. தொழிற்சாலை நம்பர் தகடும் உங்களோடது. மிச்சம் பூராவும் எங்க கொட்டகையில நிக்குது. உங்கப்பா அந்தக் குளிர்லயே எங்கப்பாகிட்ட வித்துட்டாரு. உள்ள இருந்த ரத்தத்தைக் கழுவினதே எங்கம்மாதான்."

நான் எழுந்தேன். நாற்காலி விழுந்தது. "எங்கப்பாவைப் பத்திப் பேச உனக்கு வாய் எங்கேருந்துடா வந்துச்சு?"

"அண்ணே, உக்காரு. மீன் ஆறுது" என்றாள் ஐரீனா. பிறகு அவனைப் பார்த்து, "நீ போய் உன் கொட்டகையைக் கட்டிக்கிட்டுத் தூங்கு, டுவேன்" என்றாள். கூடத்தில் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் காலத்துப் பந்தய வண்டிகளில் இன்றும் மிஞ்சியிருப்பவற்றின் பதிவேட்டை வைத்திருக்கும் ஹோலிஸ் என்பவருக்கு பிராகெட் எழுதிவிட்டான். ஒரே தொழிற்சாலை எண்ணுக்கு இரண்டு வண்டிகள் இருக்க முடியாது. ஒன்றைப் பதிவேட்டிலிருந்து அடித்தாக வேண்டும். முதலில் பிராகெட்டின் வண்டியைப் பார்ப்பார், பிறகு எங்களுடையதை.

எனக்குத் தூக்கம் போயிற்று. சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் வண்டியை அடித்துவிட்டால் அப்பாவையே அடித்ததாகும். ஒரே வழிதான் தோன்றியது. அந்தக் காலத்தில் வண்டியின் தகடுகளைக் கையால் பற்றவைத்து இணைத்தார்கள். கதவுக்கும் முன்தகட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி வண்டிக்கு வண்டி மாறும். அது ஒரு கைரேகை. எங்களிடம் ஒரு பழைய படம் இருந்தது. ஓடுபாதையின் வலப்பக்கத்தில், மாலை வெயிலில், அண்ணன் பந்தயம் தொடங்கும் கோட்டருகே காத்திருக்கும் படம். அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுத்து ஹோலிஸிடம் கொடுத்தால் அவரே ஒப்பிட்டுக்கொள்வார்.

அக்டோபர் கடைசி. பொழுது சாயும் நேரம். பழைய ஓடுபாதையை மூடிப் பல வருடங்கள் ஆகிவிட்டன. சுற்றிலும் அறுவடை முடிந்த சோள வயல். தார்ப்பாதை வெடித்து, இடுப்பளவு புல் முளைத்திருந்தது. வலது பாதையை மட்டும் காலையிலேயே வந்து வெட்டிச் சுத்தம் செய்திருந்தேன். இடது பாதையில் புல் அப்படியே நின்றது.

இழுவை வண்டியிலிருந்து இறக்கி, மெதுவாகக் கோட்டை நோக்கிக் கொண்டுவந்தேன். நிறுத்தினேன்.

இங்கேதான் தவறு செய்தேன்.

எங்கள் பந்தயத்தில் ஒரு மரியாதை உண்டு. முதலில் வருபவன் கோட்டின் மேல் ஏறமாட்டான். ஒரு கையளவு பின்னால் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் காத்திருப்பான். எதிராளி பக்கத்தில் வந்து அதேபோல் நின்ற பிறகுதான் இருவரும் கோட்டுக்கு நகர்வார்கள். அப்படிப் பின்னால் நிற்பதற்கு ஒரே அர்த்தம்தான். நான் தயார். நீ வா.

என் கால் பழக்கத்தில் அங்கேயே பிரேக்கை மிதித்தது. எஞ்சினையும் நான் அணைக்கவில்லை.

ஐரீனா இடது பாதையில், முன்னால் தள்ளி, புல்லுக்குள் நின்று கேமராவைத் தூக்கினாள்.

"கொஞ்சம் சிரியேன், அண்ணே. சாவு வீட்டுப் படம் மாதிரி இருக்கு."

"வண்டியை எடு. என்னை எடுக்காதே."

"வெயில் இன்னும் கொஞ்சம் இறங்கட்டும். நிழல் சேரல."

காத்திருந்தோம். டக... டகட்... டகட்... எஞ்சின் அடித்துக்கொண்டிருந்தது. வயலில் கத்திக்கொண்டிருந்த காகங்கள் எப்போது நின்றன என்று தெரியவில்லை.

ஒரு வாசனை வந்தது. இனிப்பான, மூக்கை அரிக்கும் வாசனை. பந்தய எரிபொருள். நான் ஊற்றியது சாதாரணப் பெட்ரோல்.

ஐரீனா கேமராவைத் தாழ்த்தினாள்.

"அண்ணே... யாரையாவது வரச் சொன்னியா?"

"இல்லையே."

"இன்னொரு வண்டிச் சத்தம் கேக்குது."

"நம்ம சத்தம்தான். சுவர்ல பட்டுத் திரும்புது."

"இங்க ஏது சுவர்?"

சுற்றிப் பார்த்தேன். வெறும் வயல்.

சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தேன்.

டக... டகட்... டகட்...

சத்தம் நிற்கவில்லை.

சாவியைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். என் வண்டி செத்துக் கிடந்தது. சத்தம் பின்னாலிருந்து வந்தது. இடது பக்கம்... மெதுவாக... நெருங்கி...

ஜன்னல் வழியே பார்த்தேன்.

புல் படுத்துக்கொண்டே வந்தது. இரண்டு கோடாக. டயர் அகலத்துக்கு. சரளைக்கல் நொறுங்கியது. வண்டி இல்லை. ஓட்டுகிறவன் இல்லை. புல் மட்டும்... படுத்துக்கொண்டே... என் பக்கத்தில் வந்து...

நின்றது. கோட்டுக்கு ஒரு கையளவு பின்னால்.

சூடு என் கன்னத்தில் அடித்தது.

டொக். டொக்.

இடப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத கூரைத் தகட்டில் விரல் முட்டியால் இரண்டு தட்டு. அண்ணன் தயாரானால் ஜன்னல் வழியே கையை வெளியே விட்டு இப்படித்தான் தட்டுவான்.

நான் ஓடவில்லை. ஓடியிருக்க வேண்டும். ஆனால் அந்த நொடியில் என் மனதில் பயத்தைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. கேட்க வேறு ஆள் எனக்கு இல்லை.

"அண்ணா" என்றேன். எழுபது வயதைத் தாண்டியவன் இருபத்து நான்கு வயதுக்காரனை அழைத்தேன். "அண்ணா, இதுதானே உன் வண்டி? அப்பா விக்கலைதானே?"

டகட்... டகட்...

ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டேன். இருக்கையிலிருந்து வலப்பக்கம் நகர்ந்தேன். எடை குறைக்க அந்தப் பக்கத்து இருக்கையை அந்தக் காலத்திலேயே எடுத்துவிட்டார்கள். வெறும் தகட்டில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். அண்ணன் இடம் காலியாக இருந்தது.

"வா, அண்ணா. வந்து உக்காரு. ஒரு தடவை... ஒரே ஒரு தடவை உக்காரு."

இருக்கை அசையவில்லை.

"உன் கால்ல விழறேன். வாயேன்..."

புல் ஒரு கையளவு முன்னால் நகர்ந்து படுத்தது.

அது கோட்டின் மேல் ஏறிவிட்டது.

சத்தம் ஏறியது. ஏறியது. தகடு அதிர்ந்தது. என் பல் அதிர்ந்தது. அப்போதுதான் உறைத்தது. ஐரீனா இடது பாதையில் நிற்கிறாள்.

"ஐரீனா! விலகு!"

மண்ணும் கல்லும் என் கதவில் வாரி அடித்தன. புல் பிய்ந்து பறந்தது. முதல் கியர்... அவள் பள்ளத்தில் பாய்ந்தாள்... இரண்டாவது... மூன்றாவது...

நான் காதைப் பொத்திக்கொண்டேன்.

நான்காவது.

வெடித்தது.

பிறகு ஒன்றுமே இல்லை.

காகம் ஒன்று கத்தியது.

ஐரீனாவைத் தூக்கி உட்காரவைத்தேன். முழங்கை மடங்கித் தொங்கியது. முகத்தில் ஒரு பக்கம் வெயிலில் காய்ந்ததுபோல் சிவந்திருந்தது.  மருத்துவமனையில் ஊசி போட்ட பிறகு ஒன்று மட்டும் கேட்டாள்.

"நீ கதவைத் திறந்து வெச்சே. பெரியண்ணன் ஏன் நம்ம வண்டியில ஏறல?"



மறுநாள் காலை ஹோலிஸ் தொலைபேசியில் அழைத்தார். பிராகெட்டின் கொட்டகையிலிருந்து பேசினார்.

"காஸ், நேத்து சாயங்காலம் இங்க ஒஹையோ பக்கம் வந்தீங்களா?"

"மருத்துவமனையில இருந்தேன். ஏன்?"

"டுவேன் உங்க மேல போலீசுக்குப் போறேன்னு குதிக்கிறாரு. நீங்க ஆள் விட்டு அவர் வண்டியைக் கெடுத்துட்டீங்கன்னு."

"என்ன ஆச்சு அதுக்கு?"

"அதான் எனக்கும் புரியல. வண்டி இரும்புத் தாங்கிங்க மேல நிக்குது. எஞ்சின் இல்ல, சக்கரம் இல்ல. ரெண்டு மாசமா அப்படித்தான் இருக்காம். கொட்டகை பூட்டு உடையல. ஆனா அடியில பூரா புல்லு சுத்திக் கிடக்கு. பச்சைப் புல்லு. இன்னும் வாடல."



"இன்னும் ஒண்ணு" என்றார். அவர் குரல் தணிந்தது. "இருக்கை பெல்ட் பூட்டியிருக்கு. காலி இருக்கைதான். ஆனா பெல்ட் தொங்கல, காஸ். உள்ள ஆள் இருக்கிற மாதிரி... வளைஞ்சு, விறைச்சு நிக்குது. கொக்கியைத் திறக்க மூணு பேர் பாத்தோம். முடியல."

இதை இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஐரீனாவுக்கும் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை முதலில் வண்டியருகே ஓடியவர்கள் அப்பாவும் நானும். அண்ணன் அப்போது உயிரோடு இருந்தான். பேசினான். இடுப்பு பெல்ட்டின் கொக்கி நசுங்கியிருந்தது. அப்பாவின் விரல்கள் கிழிந்தன. என் விரல்களும் கிழிந்தன. அது திறக்கவில்லை. "அறுத்து விடுங்கப்பா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். எங்கள் இருவரிடமும் கத்தி இல்லை.

"அப்புறம் என்ன பண்ணீங்க?" என்று ஹோலிஸிடம் கேட்டேன்.

"வேற வழியில்லாம அறுத்தோம்."

"அறுத்ததும்?"



"யாரோ மூச்சு விட்டாங்க, காஸ். நாங்க மூணு பேருமே கேட்டோம்."

தொலைபேசியைப் பிடித்தபடியே நின்றேன். கொட்டகை ஜன்னலுக்குள் எங்கள் வண்டி தெரிந்தது. கதவில் அப்பாவின் பெயர்.

"சரி, உங்க வண்டியைப் பாக்க எப்ப வரட்டும்?" என்று கேட்டார்.

"வர வேண்டாம்" என்றேன்.