நிரந்தர முகவரி

மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் அவளைப் பூட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சாயங்காலம் அலமாரியைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். பஸ் நிறுத்தம் வரை போனவள் திரும்பி வந்து நாலாவது முறை இழுத்ததும் உண்டு. "உள்ள இருக்கறது வெறும் காகிதம்தானேக்கா, யாரு தூக்கிட்டுப் போகப் போறாங்க?" என்று சீண்டுவார்கள். "உன் மூலவியாதிக் கதையும் அதுலதான் இருக்கு. தொறந்து வெச்சுட்டுப் போகட்டுமா?" என்பாள்.

இருபத்திரண்டு வருஷ வேலை. சுற்றறிக்கையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் அவளுக்கு வேதவாக்கு. அந்த ஒழுங்குக்கு அடியில் ஒரு பயமும் இருந்தது. தங்கை தன் புருஷனிடமிருந்து தப்பி வந்து மூன்று வருஷமாகிறது. வலது மணிக்கட்டை முறித்தவன், அடுத்தது கழுத்து என்று சொல்லியிருந்தான். சொன்னதைச் செய்கிற ஆள். தங்கை மூன்று வீடு மாறி, இப்போதுதான் ஒரு மாடியில் ஒற்றை அறை, தையல் கம்பெனியில் வேலை, நடக்கிற தூரத்தில் மகளுக்குப் பள்ளிக்கூடம் என்று நிலைத்திருந்தாள். அந்த அறை எங்கே என்று அவனுக்குத் தெரியக் கூடாது. பூட்டக்கா சாமியிடம் கேட்டதெல்லாம் இது ஒன்றுதான்.

பழைய முறிவு மறுபடி வலித்தபோது தங்கை அக்காவின் ஆஸ்பத்திரிக்கே வந்தாள். அவளைப் பதிந்ததும் அக்காதான். தற்போதைய முகவரி என்ற கட்டத்தில் மாடி அறை. நிரந்தர முகவரிக்கு, ‘அடையாள அட்டையில் உள்ளபடி’ என்று போட்டிருந்தது. அட்டையில் இருந்தது புருஷன் வீடு. அந்த இடத்தில் தன் வீட்டு விலாசத்தைத் தட்டியிருந்தால் ஒரு ஈ காக்கை கேட்டிருக்காது. ஆனால் விதியை மீற அவளுக்குக் கை வரவில்லை. உள்ளபடியே தட்டினாள். கம்ப்யூட்டருக்குள்தானே கிடக்கப் போகிறது!

கிடக்கவில்லை. யாரோ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு நாற்பதாயிரம் பேருடைய விவரங்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நிர்வாகம் மூச்சே விடவில்லை. "சட்டப்படி யாருக்கும் சொல்லணும்னு இல்ல. நீங்களும் வாயைத் தொறக்காதீங்க," என்றார் மேலாளர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தச் சமயம் பார்த்து, தகவல் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தப் போகிறோம், பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. இந்த மாதிரி அறிவிப்பை நம்பி எழுதுகிற அப்பாவிகள் எங்கேயும் நாலு பேர் இருப்பார்கள். பூட்டக்கா ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினாள். திருட்டுப் போனால் பறிகொடுத்தவருக்குச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் தெரியாதவர்களும் இருக்கிறார்கள், அதனால் பதிவுத் தபாலில் சொல்ல வேண்டும். மழுப்பாமல், போனது இன்ன இன்ன என்று அப்படியே எழுத வேண்டும்.

சட்டம் திருந்தியது. பலரும் அவளைப் போலவே கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது, அவள் எழுதிய மூன்றும் அதில் இருந்தன. பழைய திருட்டுகளுக்கும் அறுபது நாளுக்குள் கடிதம் போட்டாக வேண்டும் என்றும் வந்தது. மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை. பூட்டக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கைக்குப் போன் போட்டு அரை மணி நேரம் பெருமையடித்தாள். கடிதம் அச்சடித்து அனுப்புகிற வேலை வெளியே ஒரு நிறுவனத்துக்குப் போயிற்று.

பூட்டக்காவும் அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளிதான். ஒரு வியாழக்கிழமை காலையில் அவளுக்கும் கடிதம் வந்தது. திருடு போன விவரங்கள் என்று தலைப்பிட்டு அவளுடைய பெயர், போன் நம்பர், தற்போதைய முகவரி என எல்லாம் கதவு எண் முதற்கொண்டு அச்சாகியிருந்தது. பரவாயில்லையே, மழுப்பவில்லை என்று மெச்சிக்கொண்டே உறையைத் திருப்பினாள். மேலே, ‘நிரந்தர முகவரிக்கு மட்டும்’ என்றிருந்தது. அவளுக்கு இரண்டும் ஒரே வீடு. தங்கைக்கு?

ஓடினாள். "எல்லாம் திங்கக்கிழமையே போயிடுச்சேக்கா," என்றார் கம்ப்யூட்டர் பிரிவுக்காரர். தபால் நிலையத்தில் அதைவிட மரியாதையாகச் சொன்னார்கள். "சம்பந்தப்பட்டவங்களே வரணும்மா. அடுத்தவங்க தபாலைப் பத்தி உங்ககிட்ட பேசக் கூடாது. புதுச் சட்டம்."

வாசல்படியில் நின்றபடியே தங்கையைக் கூப்பிட்டாள்.

"பாப்பாவைக் கூட்டிக்கிட்டு இப்பவே கிளம்புடி."

"மறுபடியுமா? நாளைக்கு அவளுக்குப் பரீட்சைக்கா. யாருக்கா அவருகிட்ட சொன்னது?"

"நான்தான்டி. நானேதான் எழுதி வெச்சேன்."

"எங்க போறது?"

"எங்கயாவது போ. எங்கன்னு என்கிட்டகூட சொல்லாத. இந்தப் போனையும் தூக்கிப் போட்டுடு."

அக்கா சொன்னபடியே தங்கை செய்தாள். மறுநாள் பூட்டக்கா போய்ப் பார்த்தபோது அறை காலியாக இருந்தது. "அந்தப் பொண்ணு நேத்தே போயிடுச்சும்மா," என்றாள் வீட்டுக்கார அம்மாள். "இன்னைக்குக் காலையில ஒருத்தர் வந்து கேட்டுட்டுப் போனாரு. புருஷனாம். பள்ளிக்கூடம் எதுன்னு விசாரிச்சாரு, சொன்னேன்."

மூன்று வாரம் கழித்து, கடிதம் பெற்றுக்கொண்டதற்கான அட்டைகள் மூட்டை மூட்டையாகப் பதிவேட்டுப் பிரிவுக்கு வந்து சேர்ந்தன. ஏழு வருஷம் பத்திரப்படுத்த வேண்டும் என்பது சட்டம். அடுக்கிக்கொண்டே வந்தவளின் கையில் தங்கையின் அட்டை தட்டுப்பட்டது. கோணல் கையெழுத்து. உறவுமுறை: கணவர். அவள் அலறியடித்து ஓடியதற்கு முந்தின நாளே அவன் வாங்கியிருந்தான்.

தங்கை உயிரோடு இருக்கிறாளா, குழந்தை எந்த ஊரில் படிக்கிறது, ஒன்றும் தெரியாது. தெரியவும் கூடாது. அட்டையைச் சுக்குநூறாகக் கிழிக்க வேண்டும் போலிருந்தது. இப்போதும் கை வரவில்லை. வரிசை எண் பார்த்து அதன் இடத்தில் செருகி, அலமாரியைப் பூட்டி, மூன்று முறை இழுத்துப் பார்த்தாள்.