செல்வராணி அளந்த கிணறுகள்

சென்ற செவ்வாய்க்கிழமை விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது கல்லூரி அலுவலகத்திலிருந்து போன் வந்தது. "சார், செல்வராணி மேடம் போய்ட்டாக. அவுக சொந்த ஊரு தேவாரத்துக்குக் கொண்டு வந்துட்டாக" என்றார் டைப்பிஸ்ட். புற்றுநோய் என்று தெரியும். இவ்வளவு சீக்கிரம் என்று தெரியாது. அவருக்கு நாற்பது வயதுகூட நிறையவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் புவியியல் துறையில் பதினோரு ஆண்டுகள் கௌரவ விரிவுரையாளராக இருந்தார். மணிக்கணக்கில் சம்பளம்; கோடை விடுமுறையில் அதுவும் கிடையாது. துறையில் நிலத்தைப் பார்த்துப் படித்தவர் அவர் ஒருவர்தான். நாங்களெல்லாம் புத்தகத்தோடு சரி.

நான் வேலையில் சேர்ந்த புதிதில், இளம் புவியியலாளர்களுக்கான சிறு ஆய்வு நிதி ஒன்றை அறிவித்தார்கள். தேவாரத்தைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்கின் கிணறுகளில் நீர்மட்டம் எப்படி இறங்குகிறது என்று பார்க்கலாம் என்பது அவருடைய யோசனை. விண்ணப்பத்தையும் அவரே எழுதினார். ஆனால் நிரந்தரப் பணியில் இருப்பவர்தான் விண்ணப்பிக்கலாம் என்பது விதி.

"உங்க பேர்லயே போடுங்க சார். வேலை நடந்தாப் போதும்" என்றார்.

"அடுத்த தடவை உங்க பேர்ல" என்றேன். சொல்வதற்குக் காசா பணமா?

இரண்டு கோடை, இரண்டு மழைக்காலம். தேவாரத்திலிருந்து பொட்டிப்புரம் வரை தோட்டம் தோட்டமாக நடந்தவர் அவர். நான் போனது மொத்தம் நான்கு நாள். அதில் ஒரு நாள் ஒரு விவசாயி அவரை மறித்தார்.

"ஏத்தா, நீ அளந்து குடுத்து, நாளைக்கு மோட்டாருக்குக் கரண்டப் புடுங்கிட்டாகன்னா?"

"அண்ணே, எங்க அப்பா கெணறும் இங்கனதான் இருக்கு. அத மொதல்ல அளந்துட்டுத்தான் உங்ககிட்ட வந்துருக்கேன்" என்றார் செல்வராணி. அந்த விவசாயியே டேப் நுனியில் கல் கட்டிக் கிணற்றில் இறக்கினார்.

அறிக்கை என் பெயரில் வந்தது. முன்னுரையில், களப்பணிக்கு உதவியவர் என்று அவருக்கு அரை வரி. அந்த அறிக்கையைக் காட்டித்தான் நான் பதவி உயர்வு வாங்கினேன்.

சில ஆண்டுகள் கழித்து விதியைத் தளர்த்தி, கௌரவ விரிவுரையாளர்களும் விண்ணப்பிக்கலாம் என்றார்கள். அதே கிணறுகளை மறுபடி அளப்பதற்கு அவர் விண்ணப்பித்தார். நிராகரித்துவிட்டார்கள். இப்பகுதியில் இந்த ஆய்வு ஏற்கெனவே நடந்துவிட்டது, விண்ணப்பதாரருக்கு முன் அனுபவம் இல்லை என்று காரணம். அதற்குச் சான்றாக என் அறிக்கை.

கடிதத்தை என் மேசையில் வைத்தார். "சார், அளந்தது நான்தான்னு எழுதிக் குடுத்தீகன்னா மறுபடி பாப்பாக. வயசு வரம்பு இந்த வருசத்தோட முடியுது."

எழுதித் தருகிறேன் என்றேன். எழுதவில்லை. என் பதவி உயர்வைக் கிளறிவிடுவார்களோ என்ற பயம். இரண்டு முறை நினைவுபடுத்தினார். பிறகு கேட்கவில்லை. வயது வரம்பு கடந்தது. அதன் பிறகும் தினமும் காலையில் "வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டுத்தான் வகுப்புக்குப் போவார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

துக்க வீட்டில் அவருடைய அப்பா என் கைகளைப் பிடித்துக்கொண்டார். "எம் புள்ளைக்கு நீங்கதான் சார் வழி காட்டுனீக" என்று சுற்றி நின்றவர்களுக்கும் கேட்கும்படி அழுதார். அங்கேயும் நான் வாயைத் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது.

அந்த அறிக்கையில் உள்ள ஒவ்வொரு கிணற்றையும் அளந்தவர் செல்வராணி. இதை எழுதிக் கையெழுத்திட்டு நேற்று நிதிக் குழுவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். உங்களுக்கு அவர்கள் இனி எதுவும் செய்ய முடியாது, மேடம். எனக்குச் செய்வதைச் செய்யட்டும். நீங்கள் போய் வாருங்கள்.