வெள்ளிக்கிழமை வெறும் வயிறு

பிரமிளாவுக்குக் கோபம் வந்தால் ஊசி நேராக இறங்காது. அதனால் வெள்ளிக்கிழமைக் கோபத்தை அவள் சனிக்கிழமைக்குத் தள்ளிவைப்பாள். பதினான்கு மாதமாகத் தள்ளிவைத்தது மூட்டை மூட்டையாகச் சேர்ந்திருந்தது.

ஆந்திர எல்லையில் நகரிப் பக்கத்துத் தமிழ் விவசாயக் குடும்பத்துப் பெண். திருப்பதியில் தசைகளைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மலைப்பாதைக் கடைகளுக்குத் தலைச்சுமையாகச் சரக்கு ஏற்றும் பெண்களின் கால் தசை எதை எரித்து ஏறுகிறது, சர்க்கரையையா, கொழுப்பையா? அவ்வளவுதான் கேள்வி. ஏறும் முன் வெறும் வயிற்றில் ஒருமுறை, ஏறி இறங்கியதும் ஒருமுறை ரத்தம் எடுக்க வேண்டும். பன்னிரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் எந்திரம் அவளுக்குக் கிடைப்பது வெள்ளிக்கிழமை மட்டும்.

அது தொண்ணூற்றேழாம் வருடம். தெருவுக்கு ஒரு கம்ப்யூட்டர் வகுப்பு, வீட்டுக்கு ஒரு பாஸ்போர்ட். ஆறே மாதம் படித்துவிட்டு பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருந்த தம்பி யஸ்வந்த் போனில் சிரித்தான்.

"நீ இன்னும் ரத்தம் எடுத்துக்கினுதான் கீறியா அக்கா?"

எரிச்சல் என்னவென்றால், எடுத்த ரத்தம் எதுவும் உருப்படவில்லை. பன்னிரண்டு பேரில் மூத்தவளான செங்கம்மா ஒரு வாரம் கொழுப்பை எரித்தாள், மறு வாரம் சர்க்கரையை எரித்தாள். பிரமிளா சோதனை மருந்தை மாற்றினாள், ஊசியை மாற்றினாள், எந்திரத்தைத் திட்டினாள். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் எந்திரம் பார்க்கிறவர். ஆராய்ச்சிக்கு வழிகாட்டியான ஹரிபாபு சாருக்கோ அமெரிக்க விசா வந்துவிட்டது. ஜூன் கடைசியில் விமானம். அதற்குள் கணக்கு சரியாக வந்தால்தான் ஆய்வேட்டில் கையெழுத்து. அந்தத் துறையில் தசை தெரிந்த வேறு ஆள் கிடையாது.

கடைசிக்கு முந்தைய வெள்ளியன்று பெண்களை அழைத்துவர அவளே அடிவாரத்துக்குப் போனாள். சின்னப் பிள்ளையார் கோயில் வாசலில் செங்கம்மா உள்ளங்கையை நக்கிக்கொண்டிருந்தாள். சர்க்கரைப் பொங்கல். வெள்ளிதோறும் அண்டா காலியாகும்வரை கொடுப்பார்களாம். முந்தி வந்தவளுக்கு உண்டு, பிந்தி வந்தவளுக்கு இல்லை.

"துன்னியான்னு வாராவாரம் கேட்டேனே, இல்ல இல்லன்னியே அக்கா!"

"ஒண்ணும் துன்னலியேம்மா. இது பிரசாதம்."

"வயித்துக்குள்ளதான போவுது?"

"ஒருபொழுது இருக்கும்போதே வாங்கிக்கிறோம். சாமி குடுக்கும்போது கைய மூடிக்கினு போவச் சொல்றியா?"

பதினான்கு மாதம்! பிரமிளாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஹரிபாபு சார் முழுதும் கேட்டுவிட்டு, இதுவரை எடுத்ததையெல்லாம் தூக்கிப் போடச் சொன்னார். இன்னும் ஒரே ஒரு வெள்ளி இருந்தது. பன்னிரண்டு பேரும் வெறும் வயிற்றோடு வந்தால், அந்த ஒருநாள் கணக்கை வைத்தாவது கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

அவள் பெண்களிடம் கெஞ்சினாள். கோயிலில் நிற்காமல் பாதைக்குப் போக அவர்கள் சம்மதிக்கவில்லை. கடைசியில் செங்கம்மா ஒரு வழி சொன்னாள். "நீ முன்னால நில்லு. நீ வேணான்னு சொல்லு. பாவம் ஒனக்கு, நாங்க நீ செய்யறாப்லயே செஞ்சிக்கினு ஒன் பின்னாலயே வந்துர்றோம்."

நல்ல ஏற்பாடு. மலை ஏறாத ஒருத்தியின் ரத்தமும் ஒப்பிடத் தேவைதான். அந்தக் கடைசி வெள்ளியன்று பிரமிளாவும் வெறும் வயிறு. வரிசையில் முதலாளாக நின்று, 'வேண்டாம் சாமி' என்பதைத் தெலுங்கில் எப்படிப் பணிவாகச் சொல்வதென்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"தீஸ்கோம்மா" என்று பூசாரி பொங்கலை நீட்டினார்.

அவள் வலக்கை தானாக நீண்டது, இடக்கை அதன் அடியில் போய்த் தாங்கியது. கண்ணில் ஒற்றி வாயில் போட்ட பிறகுதான் வந்த வேலை நினைவுக்கு வந்தது. திரும்பிப் பார்த்தாள். பின்னால் பன்னிரண்டு பேரும் சொன்ன சொல் தவறாமல் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

ரத்தம் எடுக்கும் மேசைக்கு வந்து செங்கம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். பழக்க தோஷம், படிவத்தை எடுத்தாள்.

"ஏதாச்சும் துன்னியா அக்கா?"

"இல்லம்மா. நீ?"

"இல்ல" என்றாள் பிரமிளா.

பொய் சொன்னதாக அவளுக்குத் தோன்றவேயில்லை. பதினான்கு மாதக் கோபத்தையும் இனி யார்மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.